பன்னிரண்டு மணி நேரம் எங்கே போகிறது?

கேள்வி: மென்பொருள் வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. பைதான் மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். தினமும் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறார். போன மாதம் எங்களிடம் இரண்டு கோப்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்து லட்சம் வாடிக்கையாளர் எண்கள். முதல் கோப்பில் இருந்து இரண்டாவதில் இல்லாத எண்கள் எவை என்று கண்டுபிடிக்க வேண்டும். என் புரோகிராம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடி, எல்லா எண்ணுமே ‘இல்லை’ என்று சொன்னது. ஒரு கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் (space) இருந்திருக்கிறது, அதனால் எதுவுமே பொருந்தவில்லை. அதை நீக்கிவிட்டுத் திரும்ப ஓடவிட்டேன், இன்னொரு ஒன்றரை மணி நேரம். வீட்டுக்குப் போகும்போது இரவு பதினொன்று. மறுநாள் அதே வேலையை அவர் டேட்டாபேஸிடம் கேட்டு வாங்கும் மொழியான எஸ்கியூஎல்லில் நான்கு வரி எழுதி, பேசிக்கொண்டே முடித்துவிட்டார். டீம் லீடிடம் புலம்பினால், “வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், உழைப்புதான் முக்கியம்” என்கிறார். இணையத்திலோ சக்தி வாய்ந்த மொழிக்கு மாறு, ரஸ்ட் படி, லிஸ்ப் படி என்கிறார்கள். உழைப்பா, கருவியா? எதை நம்புவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உழைப்பா கருவியா என்ற பட்டிமன்றத்துக்கு அப்புறம் வருகிறேன். கடிதத்தைப் படித்ததும் என் கண் அந்த மூன்று மணி நேரத்தில்தான் போய் நின்றது. முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

நீங்கள் எழுதிய புரோகிராமை அனுப்பவில்லை. ஆனாலும் அது எப்படி இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் நானும் அதையே எழுதியிருக்கிறேன். இரண்டு கோப்புகளையும் இரண்டு லிஸ்ட்டாக வாசித்துக்கொண்டீர்கள். முதல் லிஸ்ட்டில் ஒரு எண்ணை எடுத்து, இரண்டாவது லிஸ்ட்டில் தலையில் இருந்து தேடினீர்கள். அகப்பட்டால் அங்கேயே நிறுத்தம், அகப்படாவிட்டால் கடைசி வரை. அப்புறம் அடுத்த எண், மறுபடி தலையில் இருந்து. ஐந்து லட்சத்தை ஐந்து லட்சத்தால் பெருக்கினால் 25,000 கோடி ஒப்பீடு வருகிறது. முதல் முறை வெற்றிடத் தகராறில் எதுவுமே பொருந்தவில்லை அல்லவா? அதனால் ஒவ்வொரு தேடலும் கடைசி வரை போயிருக்கும், 25,000 கோடியும் முழுசாக ஓடியிருக்கும். இரண்டாவது முறை பெரும்பாலான எண்கள் வழியிலேயே அகப்பட்டதால் ஏறக்குறைய பாதி. உங்கள் மூன்று மணி, ஒன்றரை மணிக் கணக்கு அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

இப்போது அந்த இரண்டாவது லிஸ்ட்டை செட் ஆக மாற்றுங்கள். புரோகிராமில் மாறுவது ஒரே ஒரு சொல். செட் என்ன செய்கிறது என்றால், உள்ளே வரும் ஒவ்வொரு எண்ணையும் வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுகிறது. அந்த விடையை வைத்தே எண்ணை எந்த அறையில் போடுவது என்று முடிவு செய்கிறது. ஹாஷ் என்பது இதுதான். தேடும்போதும் அதே கணக்கைப் போட்டு, நேரே அந்த அறைக்குப் போய் இருக்கிறதா என்று பார்த்துவிடும். உள்ளே ஆயிரம் எண் இருந்தாலும் ஐந்து லட்சம் இருந்தாலும் ஒரு தேடலுக்கு ஏறக்குறைய ஒரே வேலை. ஐந்து லட்சம் முறை வைப்பது, ஐந்து லட்சம் முறை தேடுவது, அவ்வளவுதான். ஓரிரு வினாடியில் முடியும்.

பக்கத்து இருக்கைக்காரரின் நான்கு வரிக்குப் பின்னாலும் பெரும்பாலும் இதே சங்கதிதான் நடந்திருக்கும். என்ன வேண்டும் என்பதை நீ சொல், எப்படித் தேடுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது எஸ்கியூஎல்லின் ஒப்பந்தம். 1970இல் கணினி விஞ்ஞானி எட்கர் காட் போட்டுக்கொடுத்த அடித்தளத்தின் மேல் வந்த மொழி அது. ஹாஷ் போடுவதா, இரண்டையும் வரிசைப்படுத்தி ஒப்பிடுவதா என்பதை டேட்டாபேஸே முடிவு செய்துகொள்ளும். அவர் உங்களைவிடக் கெட்டிக்காரராக இருக்கத் தேவையே இல்லை. எந்த வேலையை யாரிடம் தள்ளிவிடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே மொழியை மாற்றச் சொல்லும் இணையத்து ஆட்களுக்கு என் பதில்: இந்த விஷயத்தில் வேண்டாம். தேவைப்பட்ட கருவி நீங்கள் திறந்து வைத்திருந்த அதே கோப்பில், அதே பைதானில் இருந்தது. நான்கு வருடம் எழுதியவருக்கு செட் தெரியாமல் இருக்காது. கேட்டால் விளக்கம்கூடச் சொல்லியிருப்பீர்கள். தேவைப்பட்ட நேரத்தில் கைக்கு வரவில்லை, அதுதான் விஷயம்.

இதனால் உங்கள் டீம் லீட் சொன்னது சரி என்று ஆகிவிடாது. அந்தப் பழமொழியைப் பலரும் பாதிதான் படிக்கிறார்கள். புல்லும் ஆயுதமாவது வல்லவனுக்கு. வல்லவன் ஆவது எப்படி என்று அது சொல்லவில்லை. தவிர, பக்கத்தில் வாள் இருக்கும்போது எந்த வல்லவனும் குனிந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்க மாட்டான்.

என் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நானூற்றுச் சொச்சம் கோப்புகள் என் தலையில் விழுந்தன. உள்ளே இருந்த தேதிகள் எல்லாம் நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் இருந்தன. வருடம், மாதம், நாள் என்று திருப்ப வேண்டும். திற, தேடு, மாற்று, சேமி. ஒன்பது நாள் செய்தேன், சனி ஞாயிறு உட்பட. மணிக்கட்டு வீங்கியது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இப்படி உழைக்கிறேனே என்று. பத்தாவது நாள் ஒரு மூத்தவர் வந்து, மூலக் கோப்புகளின் நகல் இருக்கிறதா என்று கேட்டார். எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் குறிமுறையான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ஒரு வரி எழுதினார்: எண், பிரிக்கும் கோடு, எண், பிரிக்கும் கோடு, எண் என்று எங்கே பார்த்தாலும் மூன்றாவதை முதலில் வை, முதலாவதைக் கடைசியில் வை. ஓடி முடித்தது. அதோடு விட்டிருந்தால்கூட எனக்கு மானம் தப்பியிருக்கும். அவருடைய விடையையும் என் விடையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முப்பத்தேழு இடத்தில் வித்தியாசம். முப்பத்தேழும் என் தவறு. மார்ச் 4 எல்லாம் ஏப்ரல் 3 ஆகியிருந்தது. நாற்பத்தைந்து என்று வர வேண்டிய இடத்தில் ஐம்பத்துநான்கு இருந்தது.

ஒன்பது நாள் வீணானதுகூட எனக்கு இன்று பெரிதாகத் தெரியவில்லை. அந்த முப்பத்தேழுதான் இன்னும் உறுத்துகிறது. கணினி செய்ய வேண்டிய வேலையை மனிதன் செய்தால் தாமதம் மட்டும் வருவதில்லை, பிழையும் சேர்ந்து வருகிறது. அதுவும் களைத்துப்போன மனிதன். இரவு பத்தரைக்கு நீங்கள் எழுதும் புரோகிராமை மறுநாள் காலை பத்துக்கு நீங்களே எடுத்துப் பாருங்கள், புரியும்.

சரி, அப்படியானால் உழைப்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். ஃபோர்ட்ரான் என்ற பழைய புரோகிராமிங் மொழி பிறந்த விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஐபிஎம்மில் இருந்த ஜான் பேக்கஸ், இயந்திர மொழியில் புரோகிராம் எழுதுவது பிடிக்காமல்தான் அந்த வேலையில் இறங்கினார். தன் வேலைகளில் பலவும் சோம்பேறித்தனத்தில் பிறந்தவை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 1953இன் கடைசியில் யோசனையை மேலிடத்தில் வைத்தார். எப்போது முடியும் என்று கேட்டபோதெல்லாம் ஆறு மாதம் என்று பதில். வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது 1957 ஏப்ரலில். இடைப்பட்ட காலம் முழுக்க அந்தக் குழுவை அரித்த கவலை ஒன்றே ஒன்று. கையால் எழுதும் இயந்திர மொழிப் புரோகிராமின் வேகத்துக்கு ஒரு இயந்திரம் தானாக உருவாக்கும் புரோகிராம் வரவே வராது என்று அன்றைய புரோகிராமர்கள் சாதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாயை அடைக்க வேண்டுமே! மனிதன் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், வேகமான புரோகிராமைத் தர வேண்டும் என்பதற்காகவே அந்தக் குழு மாடாக உழைத்தது.

மூன்று வருடத்துக்கு மேல் உழைத்தது ஒரு சோம்பேறியின் குழு. நீங்களும் நானும் இன்று ஒரு கூட்டல் கணக்கை ஒரே வரியில் எழுதுகிறோம் என்றால், யாரோ சிலர் அதற்கான வியர்வையை முன்கூட்டியே சிந்திவிட்டார்கள் என்று அர்த்தம். சக்தி வாய்ந்த கருவி என்று நாம் சொல்வதெல்லாம் உள்ளே அடைத்துவைத்த பழைய உழைப்புதான். அதை எடுத்துப் பயன்படுத்தவும் ஒரு உழைப்பு தேவைப்படுகிறது, அதுதான் உங்கள் பங்கு. அது டெட்லைனில் கணக்கில் வராது, மேலதிகாரி கண்ணில் படாது. ஒரு மாலை முழுக்க பைதானின் கலெக்‌ஷன்ஸ் மாட்யூலை, அதாவது அதில் தயாராக இருக்கும் கருவிகளின் தொகுப்பை, மேய்ந்துகொண்டிருந்தால், வேலை பார்க்கிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பன்னிரண்டு மணி நேரத்தில் இதற்கு அரை மணியாவது இருக்கிறதா? இருக்காது என்றே நினைக்கிறேன். இருந்திருந்தால் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்காது.

கையில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்டை நீங்கள் தினமும் பயன்படுத்துவீர்கள். 2005இல் லினக்ஸ் புகழ் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. கமிட், புஷ், புல் தாண்டி அதில் என்ன தெரியும்? பைசெக்ட் என்று ஒன்று இருக்கிறது. போன மாதம் சரியாக ஓடியது, இன்று ஓடவில்லை, நடுவில் ஆயிரம் கமிட், அதாவது பதிந்துவைத்த மாற்றங்கள். எது கெடுத்தது? ஒவ்வொன்றாகப் பார்த்தால் நாள் கணக்கில் ஆகும். பைசெக்ட் நடுவில் உள்ளதை எடுத்துத் தரும். நல்லது, கெட்டது என்று நீங்கள் சொன்னால் பாதியை ஒதுக்கிவிட்டு மீதியின் நடுவுக்குப் போகும். ஆயிரத்துக்குப் பத்து முறை சோதித்தால் போதும், குற்றவாளி கையில். இதைக் கற்க ஒரு மதியம் ஆகும். எந்த வரி எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும் ப்ரொஃபைலரும் அப்படித்தான். அன்றைக்கு அதை ஓட்டியிருந்தால், நேரம் முழுக்க அந்த ஒரு தேடல் வரியில் கரைகிறது என்று காட்டிக்கொடுத்திருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. தேதி விவகாரத்துக்குப் பிறகு எனக்குக் கருவிப் பைத்தியம் பிடித்தது. எடிட்டரை மாதம் ஒருமுறை மாற்றினேன். அமைப்புக் கோப்பை அழகுபடுத்திய நேரத்தில் பாதியாவது வேலையில் போட்டிருந்தால் பதவி உயர்வு வந்திருக்கும். உச்சகட்டமாக, அலுவலகத்துக்குள் பயன்படும் ஓர் அறிக்கை தயாரிக்கும் புரோகிராமை, அங்கே வேறு யாருக்கும் தெரியாத ஹாஸ்கெல் மொழியில் எழுதினேன். ஆறு வாரம். தங்கச்சிலை மாதிரி இருந்தது. அப்புறம் இரண்டு வாரம் விடுப்பில் போனேன். அந்த நேரம் பார்த்து ஒரு விகிதம் மாறியது. ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும், அதற்கும் அங்கே ஆள் இல்லை. திரும்பி வந்தபோது சகாக்கள் மொத்தத்தையும் ஜாவாவில் திரும்ப எழுதி முடித்திருந்தார்கள். நீளமாக, அவலட்சணமாக, ஆனால் யார் வேண்டுமானாலும் கைவைக்கிற மாதிரி. ஒரு மாதம் அவர்களோடு சரியாகப் பேசவில்லை.

ஹாஸ்கெல் மேல் தப்பில்லை. அதன் கம்பைலர் பிடித்துத் தந்த பிழைகளை வேறு மொழியில் நானே தேடியிருக்க வேண்டும். ஆனால் ஒரு கருவி எவ்வளவு வலுவானது என்பதில், நாளைக்கு அதைப் பிடிக்கப்போகும் கைகளும் சேர்த்தி. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மொழிகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். 1959 வாக்கில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப்புக்காக யோசித்த கார்பேஜ் கலெக்‌ஷன், பயன்படுத்தி முடித்த நினைவகத்தைக் கையால் திருப்பிக் கொடுக்கும் வேலையையும், அதில் வரும் பிழைகளின் ஒரு பெரிய கூட்டத்தையும் புரோகிராமர் தலையில் இருந்து இறக்கியது. 1995இல் ஜாவா வந்த பிறகுதான் அது சாதாரண அலுவலகங்களுக்கெல்லாம் பரவியது. 2015இல் முதல் நிலையான பதிப்பு கண்ட ரஸ்ட், அதே வகைப் பிழைகளை கார்பேஜ் கலெக்‌ஷன் இல்லாமலே, கம்பைல் செய்யும்போதே பிடிக்கிறது. ஆகவே ஒரு மொழியைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: இது எந்த வகைத் தொல்லையை அடியோடு எடுத்துப்போடுகிறது, அந்தத் தொல்லை எனக்கு இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் நினைவகத் தொல்லை எங்கேயும் தென்படவில்லை. தலைவலிக்கு மூட்டுவலி மருந்து எதற்கு?

பொருத்தம் அமைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எர்லாங் நல்ல உதாரணம். தொலைபேசி இணைப்பகங்களுக்காக எரிக்சன் நிறுவனத்தில் 1980களில் பிறந்த மொழி. ஒரே நேரத்தில் எக்கச்சக்கமான அழைப்புகள், ஒன்று அறுந்தால் மற்றவை பாதிக்கக் கூடாது. வாட்ஸ்அப் அதைத் தேர்ந்தெடுத்தபோது பலருக்கு அந்த மொழியின் பெயரே தெரியாது. ஆனால் கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ளும் செயலிக்கும் தொலைபேசி இணைப்பகத்துக்கும் பிரச்சினை ஒன்றுதானே. 2014இல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்கும்போது பயனர்கள் 45 கோடி, பொறியாளர்கள் 32 பேர். எர்லாங் எல்லா வேலைக்கும் உசத்தி என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். உங்கள் இரண்டு கோப்புகளை ஒப்பிட எர்லாங்கைத் தூக்கிக்கொண்டு போனால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

லிஸ்ப் படிக்கலாமா என்றால், படியுங்கள், பொழுதுபோக்காக. வேலைக்கு உடனே உதவாது. ஆனால் படித்த பிறகு பைதானை வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

அந்த வெற்றிடத்துக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் மெதுவான கருவி செய்யும் பெரிய கெடுதல் அதில்தான் இருக்கிறது. புரோகிராம் இரண்டு வினாடியில் ஓடியிருந்தால் ‘எல்லாமே இல்லை’ என்ற அபத்தமான விடை இரண்டு வினாடியில் தெரிந்திருக்கும். சிரித்துவிட்டுத் திருத்தியிருப்பீர்கள். மூன்று மணி நேரம் ஆகும் என்றால் ஒவ்வொரு முயற்சிக்கும் பயம் வந்துவிடுகிறது. இதையும் மாற்றிப் பார்ப்போமா என்று தோன்றுவதே நின்றுபோகிறது. செட் நினைவுக்கு வராவிட்டாலும்கூட, முதல் நூறு வரியை மட்டும் வெட்டி ஓடவிட்டுப் பார்த்திருக்கலாம். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் இதெல்லாம் எதற்கு என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கேளுங்கள், செட் போட்டு எழுதியே கொடுக்கும். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கோப்பில் வரி முடிவில் வெற்றிடம் இருப்பது நீங்கள் காட்டாத வரை அதற்குத் தெரியாது. ஒரு கோப்பில் 00417 என்றும் இன்னொன்றில் 417 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே வாடிக்கையாளரா என்பதை உங்கள் அலுவலகத்தில் விசாரித்தால்தான் தெரியும். எந்தப் புதிய உத்தியும் தனியாளாக நின்று பத்து வருடத்துக்குள் உற்பத்தித்திறனைப் பத்து மடங்கு ஆக்கிவிடாது என்று கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1986இல் எழுதினார். மென்பொருளின் கடினமான பகுதி எதைச் செய்ய வேண்டும் என்று தெளிவாக முடிவு செய்வதில் இருக்கிறது என்பது அவர் வாதம். அதை இன்றுவரை என்னால் மறுக்க முடியவில்லை. கருவிகள் மற்றதை எல்லாம் சுமந்தால்தான் அதற்கு உங்களிடம் தெம்பு மிஞ்சும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று. இரண்டு வாரம் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். இதைப் போன வாரமும் செய்தோமே என்று தோன்றும்போதும், கை கட்டிக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு வரி எழுதுங்கள், எத்தனை நிமிடம் என்பதோடு. இரண்டு வாரம் கழித்து அதிக நிமிடம் தின்ற வரி எதுவோ, அதற்கான கருவியை மட்டும் தேடிப் படியுங்கள். ஒரே ஒரு கருவி. அது கைக்கு வந்த பிறகு அடுத்தது. இப்படி வருடத்துக்கு நான்கு கற்றுக்கொண்டாலே அதிகம்.

அப்புறம், பக்கத்து இருக்கைக்காரரிடம் போய் அந்த நான்கு வரியைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் சொல்லிக்கொடுக்காத புரோகிராமரை நான் பார்த்ததில்லை. பாதி பேரை நிறுத்துவதுதான் கஷ்டம். உங்கள் பழைய புரோகிராமையும் அழித்துவிடாதீர்கள். லிஸ்ட்டை செட் ஆக்கி மறுபடி ஓட்டி, வரும் விடையை அவருடைய விடையோடு ஒப்பிடுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கைதான் வந்ததா என்பதை நீங்கள் கடிதத்தில் எழுதவே இல்லை.